ரெண்டு லெக் ஃபைனலைத் திருப்பிக் குடுங்கய்யா!

டிஸ்கி: 'லெக்'னு பாத்ததும் பிரியாணி ஞாபகம் வந்தவங்க மன்னிக்கணும், இது கால்பந்து பதிவு. கிரிக்கெட் மட்டும் போதும்னு இருக்கற மக்களும் தைரியமா உள்ளே வரலாம். ஆஃப்சைடு விதியெல்லாம் விளக்கி கழுத்தறுக்க மாட்டேன் :-)

"ஃபைனல்னா ஒரே மேட்ச்தான் பாஸ். அதுலதான் த்ரில்லே இருக்கு."

இந்த டயலாக்கைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. ஏதோ கால்பந்து பொறந்த நாள்லருந்து ஃபைனல் ஒரே மேட்சா இருந்த மாதிரியும், அதை மாத்தணும்னு சொல்றவன் தேசத் துரோகி மாதிரியும் பேசறாங்க. அய்யா சாமிகளா, ஐரோப்பாவோட ரெண்டாவது பெரிய கிளப் கோப்பை, அதாவது 2009 வரைக்கும் யூஃபா கப், அதுக்கப்புறம் ஐரோப்பா லீக், அதுக்கு 1972லருந்து 1997 வரைக்கும் 26 வருஷம் ஃபைனல் ரெண்டு லெக்காத்தான் நடந்துச்சு. முதல் மேட்ச் உன் ஊர்ல. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு அடுத்த மேட்ச் என் ஊர்ல. ரெண்டு மேட்ச் கோலையும் கூட்டு, யாருக்கு அதிகமோ அவனுக்குக் கோப்பை. அவ்ளோதான் கணக்கு. 1998ல இதைத் தூக்கிப் போட்டுட்டு, ஏதோ ஒரு மூணாவது ஊர்ல ஒரே மேட்சுன்னு ஆக்கிட்டாங்க. கடைசி ரெண்டு லெக் ஃபைனல் நடந்த அதே 1997லதான் நான் பொறந்தேன். அதனால ஒண்ணைக் கூட நேரலையில பாக்கற குடுப்பினை இல்ல. எல்லாமே பழைய வீடியோ, மங்கலான படம், புரியாத பாஷையில கமெண்டரி.

ஆனா அதைப் பாத்த பிறகு ஒண்ணு தெளிவாச்சு. நம்மகிட்டருந்து ஒரு நல்ல சாமானைத் திருடிட்டுப் போயிட்டாங்க.

சரி, 1988க்கு வருவோம்.

ஒரு பக்கம் எஸ்பான்யோல். பார்சிலோனா நகரத்துல இருக்கற "இன்னொரு" கிளப். பக்கத்து வீட்டுக்காரன் பணக்காரனா இருந்தா நம்ம வீட்டு விசேஷத்துக்கு யார் வருவா, அந்த மாதிரி ஒரு பொழப்பு. அந்த சீசன்ல மிலானையும் இன்டரையும் ரெண்டையும் வெளியே அனுப்பிட்டு ஃபைனலுக்கு வந்திருந்தாங்க. இன்னொரு பக்கம் பேயர் லெவர்குசன். ஆமா, ஆஸ்பிரின் கண்டுபிடிச்ச அதே பேயர் கம்பெனிதான், அதோட தொழிலாளிகளுக்காக 1904ல ஆரம்பிச்ச கிளப். அதுவரைக்கும் பெரிய கோப்பை ஒண்ணு கூட ஜெயிச்சதில்ல.

மே 4. எஸ்பான்யோலோட சாரியா மைதானம். முதல் பாதி முடியற நேரத்துல செபாஸ்டியன் லொசாடா ஒரு கோல். இடைவேளை முடிஞ்சு வந்ததும் சொலேர் ஒண்ணு. 56வது நிமிஷம் மறுபடி லொசாடா. 3-0. அந்த நிமிஷம் அந்த மைதானத்துல இருந்தவங்க மூஞ்சியைப் பாருங்க. வாழ்க்கை பூரா பார்சாவோட நிழல்ல நின்னவங்க, சொந்த மைதானத்துல, சொந்த சீட்ல உக்காந்து, ஒரு ஐரோப்பியக் கோப்பையில பாதியைக் கையில புடிச்சுட்டாங்க. ஃபைனல் அவங்க தெருவுக்கு வந்திருக்கு. விமானம் ஏறி எங்கேயும் போகலை.

ஒரே மேட்ச் ஃபைனலா இருந்தா கதை இங்கேயே முடிஞ்சிருக்கும். 3-0, கோப்பையைத் தூக்கு, பட்டாசு வெடி, கிளம்பு.

மே 18. லெவர்குசன். இருபதாயிரம் சொச்சம் பேர் கொள்ற மைதானம். முதல் பாதி முழுக்க கோலே இல்ல. இன்னும் 45 நிமிஷம், மூணு கோல் கடன். சாதாரண மனுஷன் எழுந்து பஸ் புடிக்கப் போயிருப்பான். 57வது நிமிஷம் பிரேசில்காரர் டீட்டா ஒண்ணு போட்டார். 63ல கோட்ஸ். 81ல, முப்பத்தஞ்சு வயசைத் தொடப் போற கொரியாக்காரர் சா பும்-குன். 3-0. கடன் அடைஞ்சுது! எக்ஸ்ட்ரா டைம்ல யாரும் அடிக்கலை. பெனால்டி. அதுலயும் முதல்ல கோட்டை விட்டது லெவர்குசன்தான், எஸ்பான்யோல் முன்னாடி போயாச்சு. அப்புறம் எஸ்பான்யோல் அடுத்தடுத்து மூணு பெனால்டியைத் தவறவிட்டாங்க. மூணாவதா தவறவிட்டது யார்னு நினைக்கறீங்க? முதல் லெக்ல ரெண்டு கோல் அடிச்ச அதே லொசாடா. பந்து பாருக்கு மேல பறந்து போச்சு.

ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு மனுஷன் தெய்வமாகி, திரும்ப மனுஷனாகி... இதை எந்த ஒரே மேட்ச் ஃபைனல் குடுக்கும்? த்ரில்லு த்ரில்லுன்னு குதிக்கறீங்களே, எழுதிக் குடுத்தா கூட எந்தத் தயாரிப்பாளரும் "நம்பற மாதிரி இல்லையே தம்பி"ன்னு திருப்பி அனுப்பற கதை இது.

இப்ப அதே லெவர்குசன், 36 வருஷம் தள்ளி வாங்க. 2024. ஷாபி அலோன்ஸோ பயிற்சியாளர். சீசன் முழுக்க 51 மேட்ச் தோல்வியே இல்ல. அதுவும் சும்மா இல்ல, சொந்த ஊர்ல கடைசி நிமிஷம் வரைக்கும் எதிராளியைத் தூங்க விடாத டீம். ஐரோப்பா லீக் அரையிறுதியில ரோமாவோட ரெண்டாவது லெக்ல 0-2ன்னு பின்தங்கி, இஞ்சுரி டைம்ல 2-2 ஆக்கினாங்க. அதுக்கு முன்னாடி காரபாக் டீமோட ஆட்டத்துல இஞ்சுரி டைம்ல மட்டும் ரெண்டு கோல் போட்டு ஜெயிச்சாங்க. மே 22, ஃபைனல். எங்கே? டப்ளின்ல. எதிராளி இத்தாலியோட அடலாண்டா. லுக்மன் ஹாட்ரிக். 3-0.

அதே 3-0! 1988ல எந்த 3-0ல இருந்து எழுந்து வந்தாங்களோ, அதே ஸ்கோர். ஆனா இந்தத் தடவை ரெண்டாவது மேட்ச் இல்ல. கடையைச் சாத்தியாச்சு.

தப்பா எடுத்துக்காதீங்க, அன்னைக்கு அடலாண்டா பிரமாதமா ஆடினாங்க, ஜெயிக்க முழுத் தகுதி இருந்துச்சு. ரெண்டாவது லெக் இருந்தாலும் அவங்களே ஜெயிச்சிருக்கலாம். நான் கேக்கறது வேற. அடலாண்டாவோட ஊர் பெர்கமோ. 2020ல கொரோனா வந்தப்ப இத்தாலியிலேயே ரொம்ப அடி வாங்கின ஊர்ல ஒண்ணு. அந்த கிளப் 1963க்கு அப்புறம் பெருசா எதுவுமே ஜெயிச்சதில்ல. அறுபது வருஷம் கழிச்சு வர்ற கோப்பைக்கான ஃபைனல்ல ஒரு பாதியாவது அந்த ஊர் மண்ணுல நடக்க வேணாமா? அங்கேருந்து டப்ளினுக்கு டிக்கெட்டும் விமானமும் ஹோட்டலும் போட வசதி இருந்தவங்க பாத்தாங்க. மத்தவங்க டிவியில பாத்தாங்க. நான் இங்கே நடுராத்திரி பன்னண்டரைக்கு பாத்ததுக்கும் பெர்கமோவுல ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவர் பாத்ததுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க? அவருக்கு மறுநாள் காலையில ஸ்டேண்ட்-அப் மீட்டிங் இல்ல, அவ்ளோதான்.

என் கோபமெல்லாம் இங்கதான். ஒரே மேட்ச் ஃபைனல் யாருக்கு வசதி? எனக்கு வசதி. சோபாவுல காலை நீட்டிப் படுத்துட்டு ஒரே ராத்திரியில விஷயத்தை முடிச்சுக்கற டிவி பார்ட்டிகளுக்கு வசதி. விளம்பரம் விக்கறவனுக்கு வசதி, ஸ்பான்சருக்கு வசதி, ஓசி டிக்கெட்ல கோட்டு சூட்டு போட்டு உக்காந்து முதல் பாதி முழுக்க செல்ஃபி எடுக்கறவனுக்கு வசதி. வருஷம் பூரா மழையிலயும் குளிர்லயும் சீசன் டிக்கெட் எடுத்து நின்னவனுக்குத்தான் அசதி.

சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லலை. 2019 ஐரோப்பா லீக் ஃபைனலை எடுங்க. செல்ஸி, ஆர்சனல். ரெண்டும் லண்டன் கிளப். ஒரு மைதானத்துலருந்து இன்னொண்ணுக்கு மெட்ரோ டிக்கெட் எடுத்தா போயிடலாம். ஃபைனல் எங்கே வெச்சாங்க? அஜர்பைஜான்ல, பாக்கு நகரத்துல. லண்டன்லருந்து ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீட்டர். அறுபதாயிரத்துக்கு மேல கொள்ற ஸ்டேடியத்துல ஒவ்வொரு கிளப்புக்கும் ஏறக்குறைய ஆறாயிரம் டிக்கெட். அதையும் வாங்கிட்டுப் போய்ச் சேர வழி இல்லாம தவிச்சவங்க எத்தனை பேர். டிவியில பாத்தப்ப காலி சீட்டு பல்லை இளிச்சுது. இதுல உச்சக்கட்டம், ஆர்சனலோட ஹென்ரிக் மிகிதரியான் ஆர்மீனியாக்காரர். ரெண்டு நாட்டுக்கும் இருக்கற பகையால பாதுகாப்புக்கு பயந்து அவர் பயணமே போகலை. ஒரு ஆட்டக்காரர் தன்னோட கிளப்பின் ஃபைனலுக்கே போக முடியாத இடத்துல ஃபைனல்! என்ன கொடுமை சார் இது?

1972ல இதே போட்டியோட முதல் ஃபைனலும் ரெண்டு இங்கிலாந்து கிளப்புக்கு நடுவுலதான். வுல்வ்ஸ், டாட்டன்ஹாம். முதல் மேட்ச் வுல்வ்ஸ் ஊர்ல, டாட்டன்ஹாம் 2-1. அடுத்தது லண்டன்ல, 1-1. ரெண்டு ஊர்க்காரனும் வேலை முடிஞ்சு நடந்து போய்ப் பாத்தான். 2025ல மறுபடி ரெண்டு இங்கிலாந்து கிளப், டாட்டன்ஹாமும் மான்செஸ்டர் யுனைடெடும். இந்தத் தடவை ஸ்பெயின்ல பில்பாவ் நகரத்துக்கு ஓடினாங்க. இதுக்குப் பேரு முன்னேற்றம்.

2022ல இன்னும் வேடிக்கை. கான்ஃபரன்ஸ் லீக்னு மூணாவது ஒரு போட்டி ஆரம்பிச்சு, அதோட முதல் ஃபைனலை அல்பேனியாவுல, டிரானாவுல வெச்சாங்க. இருபதாயிரம் சொச்சம் பேர் கொள்ற மைதானம். ஆடினது ரோமாவும் ஃபேயநோர்தும். ரெண்டு பேரோட சொந்த மைதானமும் இதைவிட ரெண்டு மடங்குக்கு மேல பெருசு. என்ன ஆச்சு? ரோம் நகரத்துல ஒலிம்பிகோ ஸ்டேடியத்தைத் திறந்து விட்டு பெரிய திரை வெச்சாங்க, ஜனம் ஆயிரக்கணக்குல வந்து உக்காந்துச்சு. ஸ்டேடியம் இருக்கு, ரசிகன் இருக்கான், பாட்டு இருக்கு, கொடி இருக்கு. டீம் மட்டும் கடல் தாண்டி வேற ஊர்ல. கல்யாண மண்டபம் நிறைய சொந்தக்காரங்க, மாப்பிள்ளை பொண்ணு வீடியோ கால்ல :-(

அதே வருஷம் ஐரோப்பா லீக் ஃபைனல், ஃபிராங்க்ஃபர்ட், கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ். ஸ்பெயின்ல செவிய்யா நகரம், மே மாச வெயில். டிக்கெட் இல்லாமலே பல்லாயிரம் ரசிகர்கள் ஊருக்குள்ள குவிஞ்சாங்க. உள்ளே போனவங்க குடிக்கத் தண்ணி கிடைக்கலைன்னு புகார் சொன்னாங்க. கிளாஸ்கோவுல ஐம்பதாயிரம் பேர் கொள்ற சொந்த மைதானம் இருந்துச்சு.

சரி, எதிர்த் தரப்பு என்ன சொல்றாங்கன்னும் பாத்துடுவோம். இல்லேன்னா "ஒருதலைப்பட்சம்"னு கும்முவீங்க.

முதல் குத்தம், ரெண்டாவது லெக்கை சொந்த ஊர்ல ஆடறவனுக்கு அநியாய சாதகம்னு. ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு மத்தியானம் 26 ஃபைனலையும் வரிசையா எழுதி எண்ணிப் பாத்தேன். ரெண்டாவது லெக்கை சொந்த ஊர்ல ஆடினவங்க ஜெயிச்சது 11 தடவை. எதிராளி பக்கம் போய் ஆடினவங்க கோப்பையைத் தூக்கினது 15 தடவை! அந்த 15ல நாலு தடவை (1981, 1986, 1990, 1995) எதிராளி தன்னோட மைதானத்துல ஆடாம வேற ஊர்ல ஆடினாங்க. அதைக் கழிச்சுட்டாலும் 11. கடைசியா 1997ல, ஷால்க டீம் இன்டரோட சான் சீரோ மைதானத்துக்கே போய் பெனால்டியில ஜெயிச்சுட்டு வந்தாங்க. சாதகமாம் சாதகம்.

ரெண்டாவது குத்தம், 'வெளியூர் கோல்' விதி. இது நியாயமான குத்தம், ஒத்துக்கறேன். கூட்டுக்கணக்கு சமமானா, எதிராளி ஊர்ல அதிக கோல் அடிச்சவன் ஜெயிச்சான்னு ஒரு விதி இருந்துச்சு. 1977ல யூவெண்டஸ், 1980ல ஃபிராங்க்ஃபர்ட், 1992ல அயாக்ஸ், மூணு பேர் அப்படித்தான் கோப்பை வாங்கினாங்க. 1992ல தோத்த டொரினோ பாவம். ஆம்ஸ்டர்டாம்ல மூணு தடவை பந்து கம்பத்துலயும் பார்லயும் பட்டுத் திரும்புச்சு. அவங்க பயிற்சியாளர் மொண்டொனிகோ ஆத்திரத்துல ஒரு நாற்காலியைத் தலைக்கு மேல தூக்கிட்டு நின்ன படம் இத்தாலியில ரொம்பப் பிரபலம். ரெண்டு மேட்ச்லயும் தோக்காம கோப்பையை விட்டா யாருக்குத்தான் கோபம் வராது? ஆனா மக்கா, அந்த விதியையே 2021ல யூஃபா தூக்கிப் போட்டாச்சு. செத்த பாம்பை இன்னும் எவ்ளோ நாள்தான் அடிப்பீங்க?

மூணாவது, "ரெண்டு லெக்னா பயந்து பயந்து ஆடுவாங்க, போர்". 1994ல இன்டர், சால்ஸ்பர்க்கை 1-0, 1-0ன்னு ஜெயிச்சது போர்தான், மறுக்கலை. ஆனா 1981ல இப்ஸ்விச்சும் ஏஇசட்டும் ஆடினதுல மொத்தம் ஒன்பது கோல். 1989ல மாரடோனாவோட நப்போலி ஸ்டுட்கார்ட்டை ஜெயிச்சதுல மொத்தம் ஒன்பது கோல். 2001ல லிவர்பூல் 5-4ன்னு அலாவெஸை ஜெயிச்சது ஒரே மேட்ச் ஃபைனல்தான், அது கால்பந்து சரித்திரத்துல ஒரு பொக்கிஷம், சத்தியமா. ஆனா அது விதிவிலக்கு. 26 ரெண்டு லெக் ஃபைனல்ல பெனால்டி வரைக்கும் போனது மூணே மூணு. 1998லருந்து 2025 வரைக்கும் நடந்த 28 ஒரே மேட்ச் ஃபைனல்ல ஆறு. 2021, 2022, 2023ன்னு தொடர்ந்து மூணு வருஷம் பெனால்டி. ஒரு தடவை ரன் பண்ணிப் பாத்துட்டு "பாஸ் ஆயிடுச்சு, ரிலீஸ் பண்ணிடலாம்"னு சொல்ற டெஸ்டரை நீங்க நம்புவீங்களா? கோப்பையை மட்டும் அப்படிக் குடுக்கலாமா?

நாலாவது கலவரம். 1974ல ராட்டர்டாம்ல, ரெண்டாவது லெக்ல டாட்டன்ஹாம் ரசிகர்கள் அடிச்ச கூத்து பெரிய அசிங்கம்தான். ஆனா 1985 ஹைசல் ஒரே மேட்ச் ஃபைனல். பொதுவான ஊர், இடிஞ்சு விழற நிலையில ஸ்டேடியம், நடுநிலை ரசிகர்களுக்குன்னு ஒதுக்கின பகுதியில போய்ச் சேர்ந்த யூவெண்டஸ் ரசிகர்கள், பக்கத்துலயே லிவர்பூல் ரசிகர்கள். 39 பேர் செத்தாங்க. 2022ல பாரிஸ் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல்ல வாசல்ல நெரிசல், மிளகுப் புகை. யூஃபாவே நியமிச்ச விசாரணைக் குழு, முதல் பொறுப்பு யூஃபாதான்னு சொல்லிடுச்சு. வாரா வாரம் அதே வாசல் வழியா உள்ள போற ஜனத்துக்கு வாசல் எங்கே இருக்குன்னு தெரியும். சொந்த மைதானத்தை விடப் பழக்கமான இடம் எது?

இந்தக் கணக்கு வழக்கெல்லாம் இல்லாம, எனக்கு மனசுக்குப் புடிச்ச ஒரு ஃபைனல் இருக்கு. 1978. பாஸ்தியா. கோர்சிகா தீவுல ஒரு சின்ன ஊர். எதிராளி ஹாலந்தோட பிஎஸ்வி. முதல் லெக் தீவுல. பேய் மழை, மைதானம் பூரா சேறு, பந்து உருளவே மாட்டேங்குது. 0-0. அடுத்த லெக்ல பிஎஸ்வி 3-0ன்னு அடிச்சு முடிச்சுட்டாங்க. ஆட்டமா பாத்தா ஒண்ணும் இல்ல. ஆனா அந்த முதல் லெக் நாளைப் படம் புடிக்க வந்தவர் யாரு தெரியுமா? ஜாக் தாதி! பிரெஞ்சு சினிமாவோட பெரிய நகைச்சுவை மேதை. அவர் எடுத்து வெச்ச படச்சுருள் அவர் மறைஞ்ச பிறகுதான் மகள் மூலமா 'ஃபோர்ஸா பாஸ்தியா'ங்கற குறும்படமா வெளிய வந்துச்சு. அதுல ஆட்டத்தை விட ஊர்தான் அதிகம். கொடி கட்டின தெரு, மைதானத்துல தேங்கின தண்ணியைத் தள்ளிட்டு இருக்கற ஆளுங்க, நனைஞ்சுட்டே காத்திருக்கற ஜனம். இன்னிக்கு இருந்தா இந்த ஃபைனல் எங்கேயோ ஒரு தலைநகரத்துல நடந்திருக்கும். பாஸ்தியாவுக்கு டிவி மட்டும்தான். தாதி எதைப் படம் புடிச்சிருப்பார்?

1987ல டண்டீ யுனைடெட்னு ஒரு ஸ்காட்லாந்து கிளப். பார்சிலோனாவை ரெண்டு லெக்லயும் ஜெயிச்சுட்டு வந்த டீம். ஃபைனல்ல ரெண்டாவது லெக் சொந்த ஊர்ல, ஸ்வீடனோட கோத்தன்பர்க்கிட்ட கோப்பையை விட்டுட்டாங்க. தோத்த ஊர்க்காரங்க எழுந்து நின்னு, கோப்பையோட சுத்தி வந்த எதிராளிக்குக் கை தட்டினாங்க. அதுக்காக ஃபிஃபா அந்த ரசிகர்களுக்கு விருதே குடுத்துச்சு. சொந்த வீட்ல தோத்துட்டு விருந்தாளிக்குக் கை தட்டறதுக்கு சொந்த வீட்ல ஃபைனல் நடக்கணும்ல?

சாம்பியன்ஸ் லீக்கை நான் தொடலை. அந்தக் கோப்பை 1956லருந்தே பொது ஊர் ஃபைனல்தான், அது அவங்க பாரம்பரியம், இருந்துட்டுப் போகட்டும். ஐரோப்பா லீக்கையும் கான்ஃபரன்ஸ் லீக்கையும் மட்டும் பழையபடி ஆக்குங்கன்னுதான் கேக்கறேன். அதுலயே காலிறுதி ரெண்டு லெக், அரையிறுதி ரெண்டு லெக். அதுக்கெல்லாம் நியாயமா இருக்கற முறை ஃபைனலுக்கு மட்டும் எப்படி அநியாயம் ஆகும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் எனக்கு விளக்கலை.

"தேதி இல்லப்பா, ஆட்டக்காரங்க ஏற்கனவே களைச்சுப் போறாங்க"ன்னு கடைசியா ஒண்ணு சொல்லுவாங்க பாருங்க, அதான் எனக்கு சிரிப்பு. 2024-25 சீசன்லருந்து ஐரோப்பா லீக்ல ஆரம்பக் கட்டத்துல ஒவ்வொரு டீமுக்கும் ஆறா இருந்த மேட்சை எட்டா ஆக்கினது யாரு? நானா? யாருக்கும் ஞாபகமே இல்லாத ஜனவரி மாச மேட்சுக்கெல்லாம் ரெண்டு வியாழக்கிழமையை எங்கேருந்தோ புடிச்சுட்டு வந்தாங்கல்ல, அதுல ஒண்ணை எடுத்து மே மாசத்துல போடுங்க.